டிஜே மிக்ஸிங் பயிற்சி: எவ்வளவு நேரம், எத்தனை நாள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதன் தாளத்தோடு இணைத்து, ஆடுபவர்களின் கால் நிற்காமல் கொண்டுசெல்வதே டிஜேயின் அடிப்படை வேலை. இதற்கு எவ்வளவு பயிற்சி தேவை என்று கேட்டால், நாளுக்கு எட்டு மணி நேரம் என்பவர்களும் உண்டு. மென்பொருளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், பயிற்சியே தேவையில்லை என்பவர்களும் உண்டு. இரண்டு பதில்களும் புதிதாகத் தொடங்குபவருக்கு உதவுவதில்லை. வீட்டில் ஒரு சிறிய கன்ட்ரோலரையோ (கணினியோடு இணைத்துப் பாட்டுகளைக் கலக்கும் கருவி) இரண்டு டர்ன்டேபிள்களையோ (இசைத்தட்டைச் சுழற்றும் கருவிகள்) வைத்துக்கொண்டு இக்கலையைக் கற்பவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

புதிதாகத் தொடங்குபவர் நாள்தோறும் எவ்வளவு நேரம் பயிற்சி செய்ய வேண்டும்?

முதல் ஆறு மாதங்களுக்கு நாளொன்றுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாட்களாவது என்பதே நான் பரிந்துரைக்கும் அளவு. கூடுதல் நேரம் கிடைத்தால் முதல் அமர்வை நீட்டிக்கொண்டே போகாமல், காதுக்கு நல்ல இடைவெளி கொடுத்துவிட்டு மாலையிலோ இரவிலோ இரண்டாவது அமர்வாக வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்பதற்காக அன்றைய பயிற்சியைக் கைவிடக் கூடாது. ஒரே இரண்டு பாட்டுகளை எடுத்து, அவற்றுக்கிடையிலான ஒரே மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு அந்த அரை மணி நேரம் தாராளமாகப் போதும்.

வாரம் முழுவதும் வேலை இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் செய்தால் போதாதா?

மொத்த மணிக்கணக்கு சமமாக இருந்தாலும் பலன் சமமாக இருக்காது. மிக்ஸிங் பெரும்பாலும் காதின் வேலை. இரண்டு டிரம் அடிகளில் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று பிரித்துக் கேட்கும் கூர்மை, ஹெட்போனைத் தொடர்ந்து அணிந்திருக்கும்போது ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே மழுங்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு செய்வது பெரும்பாலும் பாட்டுப் போட்டு ரசிப்பதுதான். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. மேலும், கையும் காதும் சேர்ந்து பழகும் எந்தத் திறமையும் இடைவெளிகளிலும் உறக்கத்திலும்தான் உள்ளத்தில் ஊன்றுகிறது. ஆறு நாள் இடைவெளிக்குப் பின் வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையிலும் முதல் ஒரு மணி நேரம், சென்ற வாரம் விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதிலேயே கழிந்துவிடும்.

வார நாட்களில் உண்மையாகவே நேரம் இல்லாதவர்கள், ஞாயிற்றுக்கிழமையின் ஐந்து மணி நேரத்தைக் காலை, மதியம், மாலை என மூன்றாகப் பிரித்துக்கொள்வதோடு, வார நாட்களில் பேருந்திலோ ரயிலிலோ பாட்டுகளைக் கவனமாகக் கேட்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கேட்டல் எப்படி இருக்க வேண்டும் என்பது கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால்தான் தேர்ச்சி வரும் என்பது உண்மையா?

இந்த எண்ணின் வேர், ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் பெர்லினில் வயலின் மாணவர்களிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அங்கே மிகச் சிறந்த மாணவர்களின் குழு, இருபது வயதுக்குள் தனிமையில் செய்திருந்த பயிற்சியின் சராசரி ஏறத்தாழ பத்தாயிரம் மணி நேரமாக இருந்தது. அது சராசரி மட்டுமே என்பதையும், அதைத் தாண்டினால் தேர்ச்சி உறுதி என்று தாம் சொல்லவில்லை என்பதையும் எரிக்சன் பிற்பாடு பலமுறை விளக்க வேண்டியிருந்தது.

டிஜேக்கள் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்ணை அல்ல. சிறந்த மாணவர்களும் தனிப்பயிற்சிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக மூன்றரை மணி நேரத்தையே செலவிட்டார்கள்; அதையும் இடையிடையே ஓய்வெடுத்து, பகுதி பகுதியாகச் செய்தார்கள். அவர்கள் செய்தது, தமக்கு எது வரவில்லையோ அதையே குறிவைத்துச் செய்த, சிரமமான பயிற்சி. முழுநேர இசைக்கலைஞர்களாக வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களின் அளவே இது என்றால், வேறு வேலை பார்த்துக்கொண்டு பொழுது கிடைக்கும்போது கற்பவர் எட்டு மணி நேரத்தை இலக்காக வைப்பதில் பொருளே இல்லை.

பீட்மேட்சிங் (இரண்டு பாட்டுகளின் துடிப்பை ஒன்றாக இணைப்பது) கைவர எவ்வளவு காலம் ஆகும்?

மேற்சொன்ன அளவில் ஒழுங்காகப் பயிற்சி செய்தால், ஒரே வகை இசையில், நெருங்கிய வேகமுள்ள இரண்டு பாட்டுகளைத் திரையைப் பார்க்காமல் காதாலேயே இணைக்கச் சில வாரங்களில் முடிந்துவிடும். எந்தப் பாட்டு வந்தாலும் அரை நிமிடத்துக்குள் இணைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் நழுவவிடாமல் பிடித்துவைப்பதற்குப் பல மாதங்கள் ஆகும். இதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம். முன்பே மிருதங்கமோ தவிலோ தபேலாவோ வாசித்தவர்களுக்கு விரைவில் வருவது இயல்பு.

இது ஏன் இவ்வளவு கடினம் என்பதைக் கணக்கோடு பார்ப்பது நல்லது. ஹவுஸ் எனப்படும் கிளப் நடன இசையின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 128 துடிப்புகள். இதைத்தான் பிபிஎம் என்கிறோம். 128 பிபிஎம்மில் ஒரு துடிப்பு ஏறத்தாழ 469 மில்லிசெகண்ட் நீளும். ஒரு பாட்டு 128இலும் மற்றொன்று 128.1இலும் ஓடினால், ஒரு நிமிடத்தில் அவை ஒரு துடிப்பின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 47 மில்லிசெகண்ட் விலகிவிடும். இருபது முப்பது மில்லிசெகண்ட் விலகினாலே பழகிய காதுக்கு ஒரு டிரம் அடி இரண்டாகப் பிளந்து கேட்கும். 47 என்பது நடனத் தளத்தில் யாருக்கும் உறுத்தும். ஆகவே வேகத்தை ஒருமுறை சரிசெய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. விலகல் தொடங்கும் கணத்திலேயே அதைக் கேட்டு, எந்தத் தட்டு முந்துகிறது என்று முடிவுசெய்து, விரலால் லேசாகத் தள்ளியோ தடுத்தோ நேர்செய்ய வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த ‘எது முந்துகிறது’ என்ற இடத்தில்தான்.

இதைப் பழக நான் பரிந்துரைக்கும் வழி மிக எளியது. ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பக்கமும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்றின் பிட்ச் ஃபேடரை (வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் நகர்விசை), கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஓர் இடத்துக்கு நகர்த்துங்கள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு, திரையை ஒரு துணியால் மூடிவிட்டு, மீண்டும் ஒன்றாக்குங்கள். பாட்டு ஒன்றே என்பதால் காது வேறெதிலும் சிதறாமல் வேகத்தை மட்டும் கவனிக்கும். இரண்டு வாரம் இதை நாள்தோறும் பத்து நிமிடம் செய்தபிறகு வெவ்வேறு பாட்டுகளுக்குப் போகலாம்.

சிங்க் பட்டன் (வேகத்தைத் தானாகவே இணைக்கும் பொத்தான்) இருக்கும்போது காதால் இணைக்க ஏன் கற்க வேண்டும்?

சிங்கைப் பயன்படுத்துவதை நான் குறையாகக் கருதவில்லை. நான்கு தடங்களை ஒரே நேரத்தில் கையாளும் டிஜே, வேகத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தன் கவனத்தை வேறு இடங்களில் செலவிடுவது நியாயமானது. ஆயினும், மென்பொருள் பாட்டை ஆராய்ந்து போட்டுவைக்கும் துடிப்புக் கட்டம் தவறாக இருக்கும்போது சிங்கும் அதே தவறைச் செய்யும். அதைக் காது கண்டுபிடிக்காவிட்டால் வேறு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அடுத்தவர் கொண்டுவந்த பென்டிரைவ், முன்பின் தெரியாத கருவி, ஒன்றோடொன்று இணைக்கப்படாத இரண்டு சிடிஜேக்கள் (டிஜேக்களுக்கான டிஜிட்டல் பாட்டுக் கருவிகள்) ஆகிய சூழ்நிலைகள் மேடையில் வந்துகொண்டே இருக்கும். எனவே முதல் ஆறு மாதப் பயிற்சி நேரத்தில் பாதியையாவது சிங்க் இல்லாமல் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மென்பொருளோ திரையோ இல்லாத காலத்திலேயே இந்தத் திறமை முழுமை பெற்றுவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளலாம். நியூயார்க்கில் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் நடந்த சாங்சுவரி கிளப்பில், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சிஸ் கிராசோ என்ற டிஜே, சுழலும் தட்டின்மேல் இசைத்தட்டை விரலால் பிடித்துவைத்திருந்து சரியான துடிப்பில் விடுவிக்கும் முறையைக் கையாண்டு இரண்டு பாட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார். அன்றைய கருவிகளில் வேகத்தை மாற்றும் வசதி மிகக் குறைவு. 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வரிசையும், குறிப்பாக 1979இல் வெளியான அதன் எம்கே2 வடிவமும், வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நீளமான ஃபேடரைக் கொண்டுவந்த பிறகே வேலை எளிதாயிற்று. 125 பிபிஎம் பாட்டை 115 முதல் 135 வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது அந்த 8 சதவீதத்தின் பொருள்.

ஒரு மணி நேரப் பயிற்சியை எப்படிப் பயன்படுத்துவது?

ஒவ்வோர் அமர்வுக்கும் ஒரே ஓர் இலக்கு இருக்க வேண்டும். மற்றவையெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும். முதல் பத்து நிமிடம் காதைத் தயார்செய்ய, மேலே சொன்ன ஒரே பாட்டுப் பயிற்சியைச் செய்யலாம். பின்னர் வரும் அரை மணி நேரத்தை அன்றைய இலக்குக்கு முழுவதுமாகக் கொடுங்கள். ‘பாஸ் ஒலிகளை (தாழ்ந்த, கனமான ஒலிகளை) மாற்றுவது’ என்பது இன்றைய இலக்கு என்றால், இரண்டு பாட்டுகளின் பாஸும் ஒருசேர ஒலித்துக் குழம்பாதபடி, உள்ளே வரும் பாட்டின் பாஸை முதலில் முழுவதும் குறைத்துவைத்து, சரியான பத்தியின் (பாட்டின் ஒரு பகுதியின்) முதல் துடிப்பில் ஒன்றைத் திறந்து மற்றொன்றை மூடும் செயலை மட்டும், அதே இரண்டு பாட்டுகளின் அதே இடத்தில், தவறின்றித் தொடர்ந்து சில முறை வரும்வரை செய்யுங்கள். அது சலிப்பூட்டும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய பாட்டுக்குத் தாவினால், சரியாக வந்தது கையின் பழக்கத்தாலா பாட்டின் அமைப்பாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கடைசி இருபது நிமிடத்தில் நிறுத்தாமல் ஒரு சிறிய செட் (தொடர்ந்து இணைத்து வாசிக்கும் பாட்டுகளின் வரிசை) வாசித்துப் பதிவுசெய்யுங்கள். தவறு நேர்ந்தாலும் பாட்டை நிறுத்தித் திரும்பத் தொடங்கக் கூடாது. கூட்டத்தின்முன் அது முடியாது என்பதால், நேர்ந்த தவறிலிருந்து மீள்வதும் பழக வேண்டிய ஒன்றே.

பதிவுசெய்து கேட்பது அவ்வளவு அவசியமா?

ஆம், மிகவும் அவசியம். மிக்ஸ் செய்துகொண்டிருக்கும்போது ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் அறையின் ஒலி, கையில் ஃபேடர் எனக் கவனம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அந்த நிலையில் நன்றாக இருப்பதாகத் தோன்றியது, மறுநாள் கேட்கும்போது அவசரமாகவோ இழுவையாகவோ தெரியும். பதிவை உடனே கேட்காமல் ஒரு நாள் கழித்துக் கேட்பது நல்லது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே ஒரு வரிக் குறிப்பு போதும்: தாளம் நழுவியதா, ஒலி அளவு ஏறி இறங்கியதா, பாடும் குரல்கள் இரண்டும் மோதினவா. அந்தக் குறிப்பே அடுத்த அமர்வின் இலக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாட்டுகளைக் கேட்பது பயிற்சியில் சேருமா?

சேரும். என்னைக் கேட்டால், மொத்தப் பயிற்சியில் பாதி அதுவே. நடன இசையின் பெரும்பகுதி, நான்கு துடிப்பு கொண்ட எட்டுத் தாளச்சுற்றுகளாக, 32 துடிப்புகள் உள்ள பத்திகளாகக் கட்டப்பட்டிருக்கிறது. 128 பிபிஎம்மில் ஒரு பத்தி சரியாக 15 விநாடி நீளும். டிரம் சேர்வதும் பாஸ் விலகுவதும் குரல் நுழைவதும் இந்தப் பத்திகளின் எல்லையில்தான் பெரும்பாலும் நிகழ்கின்றன. இரண்டு பாட்டுகளின் துடிப்பு மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தாலும், பத்திகள் சேரவில்லையென்றால், எதிர்பார்த்த இடத்தில் எதுவும் நடக்காமல் ஆடுபவர்களின் உடல் தயங்கும். எனவே பயணத்தில் கேட்கும்போது, முதல் துடிப்பு எங்கே, குரல் எத்தனையாவது பத்தியில் வருகிறது, பாட்டு எப்போது வெறுமையாகி மீண்டும் நிறைகிறது என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வர வேண்டும். அப்படிக் கேட்ட ஐம்பது பாட்டுகள், மேலோட்டமாகத் தெரிந்த ஐந்தாயிரம் பாட்டுகளைவிடப் பயன் தரும்.

நியூயார்க்கில் 1970 முதல் தம் வீட்டிலேயே ‘லாஃப்ட்’ விருந்துகளை நடத்திய டேவிட் மன்குசோ, பிற்காலத்தில் மிக்ஸிங்கையே கைவிட்டு, ஒவ்வொரு பாட்டையும் தொடக்கம் முதல் இறுதி வரை முழுமையாக ஒலிக்கவிட்டார். ஆயினும் அவருடைய விருந்துகள் டிஜே கலையின் வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுகின்றன. எந்தப் பாட்டுக்குப் பின் எது என்ற அறிவு, கைத்திறனைவிட எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

ஸ்கிராட்ச் செய்பவர்களுக்கும் இதே அளவு போதுமா?

போதாது. கிளப் டிஜேக்குக் காது முதன்மை. ஸ்கிராட்ச் செய்பவருக்குக் கையும் அதே அளவு முதன்மை. இசைத்தட்டை ஒரு கை முன்னும் பின்னும் நகர்த்த, மறுகை கிராஸ்ஃபேடரை (இரண்டு பக்க ஒலிகளுக்கிடையே மாற்றும் நகர்விசை) திறந்து மூட, இரண்டும் தாளத்துக்குள் நிற்க வேண்டும். இது ஓர் இசைக்கருவியை வாசிப்பதற்கு இணையான உழைப்பு. கர்நாடக இசையில் ஒரு வரிசையை முதல் காலத்தில் நிலைநிறுத்திய பிறகே இரண்டாம், மூன்றாம் காலங்களுக்குப் போவதுபோல, ஒரு ஸ்கிராட்ச்சையும் 70, 80 பிபிஎம் வேகத்தில் சுத்தமாக வரவைத்துவிட்டுத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், அதையும் இருபது முப்பது நிமிடத் துண்டுகளாகச் செய்வது பொருத்தமாக இருக்கும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

இந்தக் கலையே அறைக்குள் நடந்த நீண்ட பயிற்சிகளிலிருந்து பிறந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் வாசித்ததை ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகக் கொண்டாடுகிறார்கள். டிரம் மட்டும் ஒலிக்கும் பகுதியில்தான் கூட்டம் உச்சமாக ஆடுகிறது என்பதைக் கண்டு, அந்தப் பகுதிகளையே அடுத்தடுத்துப் போட்டவர் அவர். மின்னணுவியல் படித்த இளைஞரான கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அந்தப் பகுதிகளைத் துடிப்பு தவறாமல் இணைக்க வழி தேடினார். இசைத்தட்டின்மீது வண்ணக் கோலால் குறி வரைந்து, எத்தனை சுற்று பின்னோக்கிச் சுழற்றினால் அதே இடம் மீண்டும் வரும் என்று கணக்கிட்டார். தட்டு தடையின்றி வழுக்குவதற்காகக் கம்பளித் துணியைக் கஞ்சியிட்டு விறைப்பாக்கி இசைத்தட்டின் அடியில் வைத்தார். அவரோடு பழகிய சிறுவன் கிராண்ட் விசர்ட் தியோடர், தம் அறையில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ஒலியைக் குறைக்கச் சொல்லித் தாய் கதவருகே வந்து நிற்க, ஓடும் இசைத்தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். அந்த ஒலியே ஸ்கிராட்ச் ஆயிற்று என்பது அவரே பலமுறை சொன்ன செய்தி. கேட்டவுடன் அதை மேடைக்குக் கொண்டுபோய்விடாமல், பல மாதங்கள் வீட்டில் சீர்ப்படுத்திய பிறகே வெளியில் வாசித்தார் என்பதைத்தான் பயிற்சி பற்றிப் பேசும்போது அழுத்திச் சொல்ல வேண்டும்.

போட்டிக்குத் தயாராவது இன்னொரு படி மேலே. 1985 முதல் நடந்துவரும் டிஎம்சி உலக டிஜே போட்டியின் இறுதிச் சுற்றில் ஒருவருக்கு ஆறு நிமிடம் மட்டுமே தரப்படும். அந்த ஆறு நிமிடத்தின் ஒவ்வொரு அசைவும் முன்கூட்டியே அமைக்கப்பட்டு, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பழகப்படுவது. கனடாவின் ஏ-டிராக் 1997இல் தம் 15ஆம் வயதில் அப்பட்டத்தை வென்றார். மயாமியின் டிஜே கிரேஸ் 1998 முதல் 2000 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றார். பதின்வயதில் வெல்ல முடிகிறது என்பதால் இதை எளிதென்று எண்ண வேண்டாம். பள்ளி விட்டு வந்த பிறகு கிடைக்கும் பொழுது முழுவதையும் இரண்டு தட்டுகளுக்கே கொடுக்க அந்த வயதில்தான் முடிகிறது.

புகழ்பெற்ற டிஜேக்கள் இன்னும் பயிற்சி செய்கிறார்களா?

வாரத்துக்கு மூன்று நான்கு இரவுகள் வாசிப்பவருக்கு மேடையே பயிற்சிக் களமாகிவிடுகிறது. சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் 1977 முதல் 1982 வரை பிராங்கி நக்கல்ஸும், நியூயார்க்கின் பாரடைஸ் கராஜில் 1987இல் அது மூடப்படும்வரை லேரி லெவனும் ஒரே அரங்கில், ஒரே ஒலியமைப்பில், ஒரே கூட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் விடியவிடிய வாசித்தார்கள். அந்த அனுபவத்தை வீட்டுப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது. இப்படித் தொடர்ந்து வாசிப்பவர்கள் வீட்டில் இருக்கும்போது பெரும்பாலும் கைப்பயிற்சி செய்வதில்லை. புதிய பாட்டுகளைத் தேடிக் கேட்டு, தொடக்கப் புள்ளிகளைக் குறித்து, தொகுத்துவைப்பதிலேயே நேரத்தைச் செலவிடுகிறார்கள். புதிய கருவி வாங்கும்போதும் புதிய நுணுக்கத்தைச் சேர்த்துக்கொள்ளும்போதும் மட்டும் பழைய மாணவரைப்போலப் பயிற்சிக்குத் திரும்புகிறார்கள்.

வீட்டில் நன்றாக வருவது மேடையில் ஏன் தடுமாறுகிறது?

பதற்றம் ஒரு காரணம். ஆனால் பலர் கவனிக்காத மற்றொரு காரணம், ஒலி பயணிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். முதன்மை ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளியிருந்தால் அதன் ஒலி உங்களை அடைய 29 மில்லிசெகண்ட் ஆகிறது. ஹெட்போனில் கேட்பதோ உடனே வந்துவிடுகிறது. இரண்டையும் ஒப்பிட்டுத் தாளத்தைச் சேர்த்தால், சேர்ந்ததாக நீங்கள் நினைப்பது அரங்கில் பிளந்து கேட்கும். டிஜேயின் பக்கத்திலேயே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைப்பது இதற்காகத்தான். அது இல்லாத இடத்தில், இரண்டு பாட்டுகளையும் ஹெட்போனிலேயே கலந்து கேட்டு இணைக்க வேண்டியிருக்கும். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது வீட்டிலும் ஹெட்போனுக்குள் மட்டும் இணைக்கும் பயிற்சியைச் செய்துவர வேண்டும். நின்றுகொண்டு வாசித்துப் பழகுவதும் உதவும்.

தமிழ்த் திரைப்பாடல்களை மிக்ஸ் செய்யத் தனிப் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். திருமணங்களிலும் கல்லூரி விழாக்களிலும் வாசிப்பவர்களுக்கு இது அன்றாடத் தேவை. 1970களிலும் 80களிலும் வந்த பாடல்கள், இசைக்குழுவினர் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து வாசிக்கப் பதிவானவை; அவற்றின் வேகம் மனிதக் கையின் இயல்புப்படி ஏறி இறங்கும். மென்பொருளின் துடிப்புக் கட்டம் அதைச் சீராகப் பிடிக்காது. பல்லவியில் சேர்ந்திருந்தது சரணத்துக்குள் விலகிவிடும். இத்தகைய பாடல்களை நீளமாக ஒன்றன்மேல் ஒன்று ஓடவிடாமல், ஒரு சிறு பகுதியைச் சுழலவிட்டு அதன்மேல் அடுத்ததைக் கொண்டுவருவதோ, பல்லவியின் முடிவில் சட்டென வெட்டி அடுத்த பாடலின் முதல் அடியில் இறங்குவதோ சிறந்தது. அந்த வெட்டு துடிப்பு தவறாமல் விழுவதற்குத் தனியாக நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

டப்பாங்குத்துப் பாடல்களிலும் இலங்கையின் பைலாவிலும் ஆறெட்டுத் தாளமே பெரும்பாலும் வருகிறது. இதை நான்கு துடிப்பு ஹவுஸ் பாட்டோடு சேர்க்கும்போது பெரிய அடிகள் ஒத்துப்போகும். உள்ளே வரும் சிறு அடிகளோ ஒன்றில் மும்மூன்றாகவும் மற்றொன்றில் நான்கு நான்காகவும் நடப்பதால் உரசிக்கொள்ளும். ஆகவே ஒரு பாட்டில் வெறும் பெரிய அடி மட்டும் ஒலிக்கும் பகுதியைத் தேடி அதில் மாற்றத்தை முடித்துவிட வேண்டும். எந்தெந்தப் பாட்டில் அப்படிப்பட்ட பகுதி உண்டு என்று முன்பே குறித்துவைப்பதும் பயிற்சிதான்.

கருவி ஏதும் இல்லாதவர் எப்படிப் பயிற்சி செய்வது?

மடிக்கணினியும் ஒரு இலவச மிக்ஸிங் மென்பொருளும் இருந்தால் பத்திகளை எண்ணவும், தொடக்கப் புள்ளிகளைக் குறிக்கவும், எந்தப் பாட்டு எதனோடு சேரும் என்று சோதிக்கவும் முடியும். கையின் வேலையை மட்டும் விசைப்பலகையில் கற்க முடியாது. அதற்கு நண்பரின் கருவியை வாரத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்குவதோ, பழைய சிறு கன்ட்ரோலர் ஒன்றை வாங்குவதோ போதுமானது.

நீண்ட நேரப் பயிற்சி காதைக் கெடுக்குமா?

சத்தத்தின் அளவைப் பொறுத்தது. தொழிலிடப் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்துள்ள பரிந்துரையின்படி, 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். ஹெட்போனில் 100 டெசிபலைத் தொடுவது மிக எளிது. இப்படிக் கெட்ட செவித்திறன் திரும்ப வருவதில்லை. ஆகவே வீட்டில், அருகில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவிலேயே ஸ்பீக்கரை வைத்துப் பழக வேண்டும். குறைந்த ஒலியில் தாள விலகலைக் கண்டுபிடிக்கக் கற்ற காது, அரங்கின் இரைச்சலிலும் அதைக் கண்டுபிடிக்கும். அரங்கில் வாசிக்கும்போது இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் அணிவதை முதல் நிகழ்ச்சியிலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பின் காதில் இரைச்சலோ மந்தமோ இருந்தால், மறுநாள் ஹெட்போனைத் தொடாதீர்கள்; அது நீடித்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்தில் எப்படிப் பயிற்சி செய்வது?

புதிய நுணுக்கம் எதையும் அந்த வாரத்தில் தொடங்க வேண்டாம். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ இருபது பாட்டுகள் தேவைப்படும் என்றால், ஐம்பது அறுபது பாட்டுகளைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, முதல் மூன்று பாட்டுகளையும் அவற்றின் இணைப்பையும் மட்டும் உறுதியாக முடிவுசெய்யுங்கள். தொடக்கத்தின் பதற்றத்தை அந்த மூன்று பாட்டுகள் கடக்கவைத்துவிடும். மற்றவற்றை இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக, நன்றாகச் சேர்பவை என்று தெரிந்த சிறு தொகுப்புகளாகப் பழகிவைத்தால், கூட்டத்தின் மனநிலையைப் பார்த்து எந்தத் தொகுப்பை வேண்டுமானாலும் எடுக்கலாம். முழு செட்டையும் மனப்பாடமாக்கிப் பழகியவர், நடனத் தளம் காலியாகும்போது வேறு வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்.

பல மாதங்கள் இடைவெளி விட்டவர் எங்கிருந்து தொடங்குவது?

தாளத்தைச் சேர்க்கும் திறமை முற்றிலும் போய்விடுவதில்லை. ஒன்றிரண்டு வார ஒழுங்கான பயிற்சியில் பெரும்பாலும் திரும்பிவிடும். பாட்டுகளைப் பற்றிய நினைவுதான் வேகமாக மங்கியிருக்கும். ஆகவே கருவியின் முன் நிற்பதற்கு முந்தைய சில நாட்களில் பழைய தொகுப்பைக் கேட்டு, இன்னும் வாசிக்க விரும்பும் பாட்டுகளை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள். பிறகு ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளோடு பத்து நிமிடம், அடுத்து அந்தப் பாட்டுகளோடு அரை மணி நேரம் என்று முதல் வாரத்தை நடத்துங்கள். ஸ்கிராட்ச் செய்பவர்கள் முதல் வாரத்தில் பழைய வேகத்தின் பாதிக்கு மேல் போகாமலிருப்பது மணிக்கட்டுக்கு நல்லது.